சுவருக்கு எந்த நிறம்? சந்தனமா, கிரீமா, பாலாடையா?

ஒரு வீட்டில் வர்ணம் பூசப் போகிறார்கள். கடையில் இருந்து நிற அட்டை வந்துவிட்டது. குடும்பம் முழுவதும் அதைச் சுற்றி உட்கார்ந்து இருக்கிறது.

"கிரீம் நிறம் போதும். அழுக்குத் தெரியாது" என்கிறார் வீட்டுக்காரர்.

"சந்தன நிறம் அடிக்கச் சொல்லுங்கள். லட்சுமிகரமாக இருக்கும்" என்கிறார் அவர் மனைவி.

"வீட்டுக்கு வெள்ளைதான் அழகு" என்கிறார் பாட்டி.

"எல்லாம் ஒன்றுதானே அம்மா! எதைச் சொன்னாலும் அடித்துத் தருகிறேன்" என்கிறார் பெயிண்டர்.

எல்லாம் ஒன்றா? இல்லவே இல்லை!

அட்டையில் அழகாக இருந்த சந்தன நிறம், சுவரில் ஏறியதும் சில வீடுகளில் மஞ்சள் பூசிய மாதிரி ஆகிவிடும். சில வீடுகளில் அதே கிரீம் ரோஜா நிறமாகத் தெரியும். சில வீடுகளில் அழுக்கு வெள்ளையாகத் தெரியும். குறை பெயிண்டர் மீதும் இல்லை. கடைக்காரர் மீதும் இல்லை. பின் எங்கே இருக்கிறது?

உங்கள் வீட்டு வெளிச்சத்தில் இருக்கிறது! உங்கள் வீட்டுத் தரையில் இருக்கிறது!

வர்ணம் பூசுவது சின்னச் செலவு அல்ல. ஒரு தடவை பூசினால் ஐந்தாறு வருடம் அந்தச் சுவரோடுதான் குடித்தனம். ஆகவே, டப்பாவை வாங்குவதற்கு முன் சில விஷயங்களைத் தெரிந்துகொள்வது நல்லது.

இதமான நிறம் என்றால் என்ன?

மஞ்சள், சிவப்பு, ஆரஞ்சு ஆகியவற்றை ஓவியர்கள் சூட்டு நிறங்கள் என்பார்கள். நெருப்பையும் வெயிலையும் அவை நினைவூட்டுகின்றன. நீலமும் பச்சையும் குளிர்ச்சி நிறங்கள்.

வெள்ளை வர்ணத்தில் சூட்டு நிறத்தைச் சில துளிகள் மட்டும் கலந்தால் என்ன கிடைக்கும்? கண்ணை உறுத்தாத, சாந்தமான ஒரு நிறம் கிடைக்கும். பாலாடை, தந்தம், சந்தனம், கோதுமை, பாதாம், மணல் என்று அதற்குப் பல பெயர்கள். கம்பெனிகள் வைக்கும் பெயர்கள் இன்னும் ஆயிரம்.

பெயரைப் பார்த்து ஏமாறக் கூடாது. ஒரு கம்பெனியின் 'தந்தம்' இன்னொரு கம்பெனியின் 'பாலாடை'யாக இருக்கும். கண்தான் சாட்சி.

இந்த நிறங்களில் ஒரு நன்மை உண்டு. எந்தச் சாமானோடும் சண்டை போடாது. தேக்கு அலமாரியும் பொருந்தும்; இரும்பு பீரோவும் பொருந்தும். நாளைக்குத் திரைச்சீலையை மாற்றினாலும் சுவரை மாற்ற வேண்டியது இல்லை.

பாட்டி காலத்து ரகசியம்

இது இன்று வந்த நாகரிகம் அல்ல. நம் ஊரில் பழைய சங்கதிதான்.

சுண்ணாம்பு அடித்த சுவர், நாளானால் லேசாக மஞ்சள் தட்டும். அதை மறைக்க, சுண்ணாம்பில் கொஞ்சம் நீலம் கலப்பார்கள். துணிக்கு நீலம் போடுவது போலத்தான். நீலம் மஞ்சளை அடக்கும். சுவர் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும்.

வெள்ளை வேண்டாம், இதமான நிறம் வேண்டும் என்பவர்கள் மஞ்சள் காவியைக் கலப்பார்கள். மஞ்சள் காவி என்பது மண். அதில் உள்ள இரும்புச் சத்துதான் நிறத்தைத் தருகிறது. அதையே நெருப்பில் சுட்டால் அதில் உள்ள நீர் போய், சிவப்புக் காவி ஆகிவிடும்! மண் நிறம் என்பதால் வெயிலுக்கு எளிதில் வெளுக்காது.

புதுச்சேரிக்குப் போனவர்கள், பிரெஞ்சுக்காரர் காலத்துத் தெருக்களில் மஞ்சள் காவி நிறச் சுவர்களையும் அவற்றின் ஓரங்களில் வெள்ளைக் கோடுகளையும் பார்த்து இருப்பார்கள்.

இன்று கடையில் இயந்திரம் வர்ணம் கலக்கிறது. அதுவும் செய்வது ஏறக்குறைய அதே வேலைதான். வெள்ளை வர்ணத்தில் மஞ்சள், சிவப்பு, கறுப்பு ஆகியவற்றைத் துளித் துளியாக விடுகிறது. எது எத்தனை துளி என்பதில்தான் சந்தனத்துக்கும் பாதாமுக்கும் வித்தியாசம்.

ஒளிந்திருக்கும் நிறம்

அந்தத் துளிதான் விஷமம் செய்யும்!

ஒரு கிரீமுக்குள் மஞ்சள் ஒளிந்திருக்கும். இன்னொன்றுக்குள் சிவப்பு. மற்றொன்றுக்குள் பச்சை. சின்ன அட்டையில் அது தெரியாது. நான்கு சுவரிலும் ஏறிய பிறகு வெளியே வரும்.

அதை முன்கூட்டியே கண்டுபிடிக்க எளிய வழி இருக்கிறது. வெள்ளைக் காகிதம் ஒன்றை எடுங்கள். நிற அட்டையை அதன் மேல் வையுங்கள். வெள்ளைக்குப் பக்கத்தில் வந்ததும் ஒளிந்திருந்த நிறம் காட்டிக் கொடுத்துவிடும்.

இன்னொரு வழி: நான்கைந்து கிரீம் அட்டைகளை வரிசையாக வையுங்கள். ஒன்று ரோஜாவாகவும், ஒன்று பச்சையாகவும் தெரியும். தனித் தனியாகப் பார்த்தால் எல்லாம் கிரீம். சேர்த்துப் பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு ஜாதி!

பாரிஸ் நகரத்து வழக்கு

பக்கத்தில் இருக்கும் நிறம் ஒரு நிறத்தை மாற்றிக் காட்டும் என்பதை ஆராய்ந்து எழுதியவர் ஒரு பிரெஞ்சு விஞ்ஞானி. பெயர் செவ்ரல்.

பாரிஸ் நகரில் கோபலின் நெசவாலை என்ற புகழ் பெற்ற நெசவாலை உண்டு. சுவரில் தொங்கவிடும் சித்திரத் துணிகளை அங்கே நெய்தார்கள். செவ்ரல் 1824-ம் ஆண்டு அங்கே சாயப் பகுதிக்குத் தலைவர் ஆனார்.

"கறுப்பு நூல் சரியான கறுப்பாக இல்லை" என்று அவரிடம் புகார் வந்தது. அவர் சாயத்தைச் சோதித்தார். சாயத்தில் குறையே இல்லை! கறுப்பு நூலை நீலத்துக்கும் ஊதாவுக்கும் பக்கத்தில் வைத்து நெய்ததால்தான் அது மங்கித் தெரிந்தது. வேறு நிறத்துக்குப் பக்கத்தில் வைத்தால் அதே நூல் நன்றாக இருந்தது.

1839-ம் ஆண்டு இதைப் பற்றி அவர் பெரிய புத்தகமே எழுதினார். 102 வயது வரை வாழ்ந்து, 1889-ல் காலமானார்.

நூலுக்குச் சொன்னது சுவருக்கும் பொருந்தும். நீல நிறத் திரைச்சீலைக்குப் பக்கத்தில் கிரீம் சுவர் இன்னும் மஞ்சளாகத் தெரியும். பளிச்சென்ற வெள்ளைக் கதவுக்குப் பக்கத்தில் அழுக்காகத் தெரியும். தேக்குக் கதவுக்குப் பக்கத்தில் அழகாக அமரும்.

முதலில் தரையைப் பாருங்கள்

சுவரை மாற்றலாம். தரையை மாற்ற முடியுமா? அதனால் தரையைப் பார்த்துத்தான் சுவர் நிறத்தை முடிவு செய்ய வேண்டும்.

சிவப்புக் காவித் தரை இருக்கிறதா? வெயில் தரையில் பட்டுச் சுவரில் அடிக்கும்போது செம்மையும் சேர்ந்து ஏறும். அங்கே சிவப்பு ஒளிந்த கிரீம் வேண்டாம். சுவர் ரோஜாவாகிவிடும். லேசான மஞ்சள் கலந்த பாலாடை நிறம் நல்லது.

பூப் போட்ட ஆத்தங்குடிக் கல் தரையா? தரையே பல நிறம் பேசுகிறது. சுவர் அடக்கமாக இருக்கட்டும். கல்லில் உள்ள வெளிறிய நிறம் எதுவோ, அதையே சுவருக்கும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கறுப்புக் கடப்பைக் கல்லா? அது வெளிச்சத்தைக் குடித்துவிடும். சுவர் நல்ல வெளிறலாக இருக்க வேண்டும்.

பளபளப்பான வெள்ளை டைல்சா? அதில் பெரும்பாலும் சாம்பலோ நீலமோ லேசாகக் கலந்து இருக்கும். அழுத்தமான சந்தன நிறம் அதோடு ஒட்டாது. மஞ்சள் மிகக் குறைந்த, மணல் போன்ற நிறம் ஒத்துப்போகும்.

ஜன்னல் எந்தப் பக்கம்?

அடுத்தபடி ஜன்னலைப் பாருங்கள்.

வடக்கு ஜன்னல் வழியாக ஆண்டின் பெரும்பகுதி வெயில் வராது. வானத்து வெளிச்சம்தான் வரும். அதில் நீலம் கலந்து இருக்கும். அந்த அறையில் வெள்ளைச் சுவர் சோகையாகத் தெரியும். இதமான நிறம் அங்கேதான் மிகவும் தேவை.

மேற்கு அறையில் மாலை வெயில் மஞ்சளாக விழும். காலையில் கிரீமாக இருந்த சுவர், மாலையில் பழுத்த மாம்பழம் போல ஆகும். அங்கே நிறத்தைக் குறைத்துக்கொள்ள வேண்டும்.

கிழக்கு அறை காலையில் பளிச்சென்று இருக்கும், பிற்பகலில் மங்கும். தெற்கு அறையில் மார்கழி, தை மாதங்களில் வெயில் சாய்ந்து உள்ளே வரும்.

ஜன்னலுக்கு வெளியே என்ன இருக்கிறது என்பதையும் மறக்கக் கூடாது. வேப்ப மரம் இருந்தால் பச்சை நிழல் சுவரில் ஏறும். எதிர் வீட்டுச் சுவர் நீலமாக இருந்தால் அந்த நீலமும் உங்கள் வீட்டுக்கு விருந்தாளியாக வரும்!

இரவில் வேறு முகம்

வேலைக்குப் போகிறவர்கள் வீட்டுச் சுவரை அதிகம் பார்ப்பது இரவில்தான். ஆகவே விளக்கையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

எல்.இ.டி. விளக்குப் பெட்டியின் மேல் ஓர் எண் போட்டு இருப்பார்கள். பக்கத்தில் 'கெல்வின்' என்றோ, அதன் முதல் எழுத்தோ இருக்கும். 2700 முதல் 3000 வரை என்றால் வெளிச்சம் மஞ்சளாக இருக்கும். 4000 என்றால் நடுத்தரம். 6500 என்றால் நீலம் கலந்த வெள்ளை.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது 6500தான். அந்த வெளிச்சத்தில் சந்தன நிறம் களை இழக்கும். சில சமயம் பச்சை தட்டும். "பகலில் நன்றாக இருக்கிறது, ராத்திரியில் பிடிக்கவில்லை" என்று சொல்லுகிறவர்கள் சுவரைத் திரும்பப் பூச வேண்டாம். முதலில் விளக்கை மாற்றிப் பார்க்கட்டும். செலவு குறைவு!

சூட்டு நிறம் அடித்தால் வீடு சூடாகுமா?

பலர் இப்படிப் பயப்படுகிறார்கள். பயம் வேண்டாம்.

வீட்டைச் சூடாக்குவது மொட்டை மாடியிலும் வெளிச் சுவரிலும் விழும் வெயில். அந்த இடங்களில் வெளிறிய நிறம் பூசினால் வெயிலைத் திருப்பி அனுப்பும். உள்ளே சூடு குறையும். உள் சுவரில் லேசான கிரீம் பூசினாலும், லேசான நீலம் பூசினாலும் சூட்டில் சொல்லத்தக்க வித்தியாசம் இல்லை. கண்ணுக்குத்தான் வித்தியாசம்.

பெரியவர்கள் கண்

வயது ஏற ஏற, கண்ணுக்குள் போகும் வெளிச்சம் குறைகிறது. கண்ணில் உள்ள லென்ஸ் மஞ்சள் அடைகிறது. இளைஞருக்குப் போதுமான வெளிச்சம் பாட்டிக்குப் போதாது.

ஆகவே வயதானவர்கள் இருக்கும் அறைக்கு வெளிறிய நிறம் வேண்டும். சில கம்பெனிகள் ஒவ்வொரு நிறத்துக்கும் ஓர் எண் கொடுக்கின்றன. அந்த நிறம் எவ்வளவு வெளிச்சத்தைத் திருப்பித் தருகிறது என்பதைக் காட்டும் எண் அது. முழுக் கறுப்புக்கு 0. முழு வெள்ளைக்கு 100. வெளிச்சம் குறைந்த அறைக்கு 70-க்கு மேல் பார்த்து எடுங்கள்.

இன்னொன்று. சுவர், கதவுச் சட்டம், படி, சுவிட்சுப் பலகை எல்லாம் ஒரே நிறத்தில் இருந்தால் பெரியவர்கள் தடுமாறுவார்கள். படி விளிம்பும் கதவுச் சட்டமும் அழுத்தமான நிறத்தில் இருக்கட்டும். அழகுக்கு அழகு, பாதுகாப்புக்குப் பாதுகாப்பு.

மூன்று நாள் சோதனை

அட்டையைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். இப்படிச் செய்யுங்கள்:

1. பிடித்த மூன்று நிறங்களை மட்டும் தேர்ந்து எடுங்கள். கடையில் கிடைக்கும் சிறிய டப்பாவாக வாங்குங்கள்.

2. இரண்டு அடிக்கு இரண்டு அடி அளவில் பெரிய வெள்ளை அட்டைகளை எடுத்து, ஓரத்தில் வெள்ளை விட்டு, இரண்டு முறை பூசுங்கள். சுவரிலேயே பூசினால் பழைய நிறம் கண்ணை ஏமாற்றும்.

3. நன்றாகக் காயவிடுங்கள். ஈரத்தில் ஒரு நிறம். காய்ந்தால் ஒரு நிறம். சுண்ணாம்பு என்றால் காய்ந்த பிறகு நிறைய வெளுக்கும்.

4. அட்டையை ஒவ்வொரு சுவரிலும் மாற்றி மாற்றி வையுங்கள். காலையில் பாருங்கள். பிற்பகலில் பாருங்கள். இரவில் விளக்குப் போட்டுப் பாருங்கள். இப்படி மூன்று நாள்.

5. இரண்டு நிறங்களுக்கு நடுவே தயக்கம் வந்தால், வெளிறியதை எடுங்கள். நான்கு சுவரிலும் ஏறும்போது எந்த நிறமும் கூடுதலாகத்தான் தெரியும்.

கணக்குப் போட்டு வாங்குங்கள்

10 அடி அகலம், 12 அடி நீளம், 10 அடி உயரம் உள்ள அறை என்று வைத்துக்கொள்வோம். நான்கு சுவரின் நீளம் 44 அடி. அதை உயரத்தால் பெருக்கினால் 440 சதுர அடி. கதவு 3 அடிக்கு 7 அடி என்றால் 21. ஜன்னல் 4 அடிக்கு 4 அடி. இரண்டு ஜன்னல் 32. ஆக 53-ஐக் கழித்தால் 387 சதுர அடி.

ஒரு லிட்டர் எத்தனை சதுர அடிக்கு வரும் என்று டப்பாவின் மேல் போட்டு இருக்கும். அது ஒரு பூச்சுக்கா, இரண்டு பூச்சுக்கா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஓர் அறைக்கு வேண்டிய வர்ணத்தை ஒரே தடவையில் வாங்குங்கள். இரண்டு டப்பா என்றால், பெரிய வாளியில் ஒன்றாக ஊற்றிக் கலந்துகொள்ளச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் ஒரு சுவருக்கும் அடுத்த சுவருக்கும் நிறம் மாறித் தெரியலாம். டப்பா மேல் ஒட்டிய நிற எண்ணைக் குறித்து வையுங்கள். நாளைக்குச் சுவரில் கீறல் விழுந்தால் உதவும்.

ஈரம் பொல்லாதது

பொங்கலுக்கு முன் வர்ணம் பூசுவது நம் வழக்கம். ஆனால், ஐப்பசி, கார்த்திகை மழையைக் குடித்த சுவர் மார்கழியில் முழுக்கக் காய்ந்து இருக்காது. ஈரச் சுவரில் பூசினால் வர்ணம் கொப்புளம் போட்டு உரியும்.

சந்தேகம் இருந்தால், ஒரு பாலிதீன் தாளைச் சுவரில் வைத்து நான்கு ஓரமும் ஒட்டிவிடுங்கள். மறுநாள் பாருங்கள். தாளின் உள்பக்கம் நீர் கோத்து இருந்தால் சுவரில் ஈரம் இருக்கிறது என்று அர்த்தம். முதலில் ஒழுக்கை அடையுங்கள். பிறகு வர்ணம்.

குழந்தைகள் இருக்கும் வீடா? கவனம்!

எல்லாவற்றையும் விட முக்கியமான விஷயம் இது.

பழைய நாளில் வர்ணத்தில் ஈயம் கலப்பது உண்டு. கதவு, ஜன்னல் கம்பி, கட்டில் ஆகியவற்றுக்கு அடிக்கும் எனாமல் வர்ணத்தில் இது அதிகம். மஞ்சள் நிறத்தைக் கொடுக்கவே ஈயம் சேர்ந்த ஒரு சாயப் பொடியைப் பயன்படுத்தினார்கள்.

ஈயம் விஷம். குழந்தைகளின் மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். ரத்தத்தில் இவ்வளவு ஈயம் இருந்தால் பரவாயில்லை என்று சொல்லத்தக்க அளவே கிடையாது என்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது.

இந்திய அரசு 2016-ம் ஆண்டு இதற்காக விதிகள் கொண்டுவந்தது. வீட்டு வர்ணத்தில் 10 லட்சம் பங்குக்கு 90 பங்குக்கு மேல் ஈயம் இருக்கக் கூடாது. இது 2017 நவம்பரில் இருந்து நடைமுறைக்கு வந்தது. டப்பா மேல் இதைப் பற்றி அச்சிட்டு இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். லேபிள் இல்லாத வர்ணத்தை மலிவு என்று வாங்க வேண்டாம்.

புது வர்ணம் சரி. பழைய வர்ணம்? அதைச் சுரண்டும்போதுதான் ஆபத்து! பழைய கதவையும் ஜன்னலையும் உப்புத்தாள் போட்டு உலர்வாகத் தேய்த்தால் தூசி வீடெங்கும் பறக்கும். குழந்தை தரையில் தவழும். கையை வாயில் வைக்கும். கர்ப்பிணிகளுக்கும் இந்தத் தூசி ஆகாது.

என்ன செய்வது? தண்ணீரில் நனைத்துத் தேய்க்கச் சொல்லுங்கள். வேலை முடியும் வரை குழந்தைகளையும் கர்ப்பிணிகளையும் உறவினர் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். பாத்திரம், தண்ணீர், சாப்பாட்டுச் சாமான்களை அப்புறப்படுத்துங்கள். தூசியை விளக்குமாற்றால் பெருக்காமல், ஈரத் துணியால் துடைத்து எடுங்கள். வேலை செய்கிறவரும் மூக்கையும் வாயையும் மூடிக்கொள்ள வேண்டும். அவருக்கும் வீட்டில் குழந்தைகள் இருக்கிறார்கள். வேலை முடிந்ததும் அவர் கை, கால், முகம் கழுவி, உடை மாற்றிக்கொண்டு போக இடம் கொடுங்கள்.

முடிவு உங்கள் கையில்

தரையைப் பாருங்கள். ஜன்னலைப் பாருங்கள். விளக்கைப் பாருங்கள். அதன் பிறகு அட்டையைப் பாருங்கள். வரிசை மாறக் கூடாது.

பக்கத்து வீட்டில் அழகாக இருக்கும் சந்தனம் உங்கள் வீட்டில் அழகாக இருக்க வேண்டும் என்பது இல்லை. அவர்கள் ஜன்னல் வேறு; உங்கள் ஜன்னல் வேறு. மூன்று நாள் பொறுத்து, உங்கள் சுவரில் வைத்துப் பார்த்து எடுக்கும் நிறமே உங்கள் வீட்டுக்கு ஏற்ற நிறம்!